பத்துத்தூணுக்குப் பின்னால்

என் பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுறாதீங்க சார். மத்தபடி எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்.

மேனேஜர் சொல்லியிருப்பாரு, வாட்ச்மேன் சோணைமுத்துவைக் கூட்டிக்கங்க, இந்த நாலு மாசி வீதிக்குள்ள அவனுக்குத் தெரியாத சந்து கிடையாதுன்னு. உண்மைதான். இருபது வருஷம் இந்த மதுரைத் தெருவுல ரிக்ஷா மிதிச்ச காலு இது. உங்க போன்ல என்னமோ லிஸ்ட்டு வச்சிருக்கீங்களாமே, நீங்களே படிங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அதுவும் பஸ் போர்டு மட்டுந்தான். ம்... விளக்குத்தூண், ஜிகர்தண்டா, பருத்திப்பால், மகால், கறிதோசை, பத்துத்தூண். அம்புட்டும் ஒரே சுத்துல வந்துரும். தினமும் சாயங்காலம் நான் அந்தச் சுத்துதான் போறேன்.

ஆனா வழியில 'சோணைமுத்து'ன்னு கூப்பிடக்கூடாது. 'பெரியவரே'ன்னு கூப்பிடுங்க. 'யோவ்'னு கூப்பிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

ஏன்னா நம்மகூட இன்னொருத்தனும் வருவான். ஆறரைக்கு, கடைகள்ல லைட்டுப் போடுற நேரத்துக்கு, இந்த லாட்ஜ் வாசல் வழியாத்தான் வருவான். அதுக்குள்ள உங்ககிட்ட விசயத்தைச் சொல்லிடணும். உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை, சுவத்துல சாஞ்சுக்கங்க.

வர்றவன் பேரு அழகுமலை. எனக்கு நாலு வயசு இளையவன். ஒரே வயித்துல பொறந்தவன். ஆனா தம்பின்னு சொல்லமாட்டேன். முப்பத்தொரு வருஷமா சொன்னதில்ல.

என்ன பண்ணான்னு கேளுங்க. எங்கப்பாவுக்கு அவன் கொள்ளி வச்சான்.

இது உங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியலாம். நீங்க படிச்சவரு. எங்களுக்கு அப்படி இல்ல. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். இதுதான் முறை. எங்கம்மாவுக்கு அவன் வச்சான், நான் குறுக்க நின்னனா? அப்பாவுக்கு நான்ல வைக்கணும்? நான் உசுரோட இருக்கேன்ல? வீட்டை எடுத்திருந்தா விட்டிருப்பேன். ரிக்ஷாவை எடுத்திருந்தாலும் விட்டிருப்பேன். கொள்ளியை எடுத்தவனை எப்படி சார் விடுறது?

நான் அன்னைக்குத் தொழில்ல இருந்தேன். வெளியூர் ஆளுக ரெண்டு பேரு, உங்களை மாதிரி, ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. சித்திரை வெயிலு. கூட்டிட்டுப் போய்க் காட்டுறது என் பொழப்பு. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் மூணு மணிக்கு வர்றேன், வாசல் கழுவிவிட்டிருக்கு. ஈரம் காயல. அவன் மொட்டைத் தலையோட முக்குல உக்காந்திருக்கான். "ஏன்டா எனக்காகக் காத்திருக்கல?"ன்னு கேட்டேன். அதுக்கு அவன் ஒரு பதில் சொன்னான். அந்தப் பதிலோட சரி. அன்னையிலயிருந்து பேச்சு இல்ல.

பேச்சு இல்லன்னா, வேற வேற ஊர்ல இருந்தோம்னு நெனைக்காதீங்க. மஞ்சணக்காரத் தெருவுல ஒரே காம்பவுண்டு. அவன் வாசலும் என் வாசலும் எதிரெதிர. நடுவுல நாலடி. ஒரு குழாய். ஒரு கக்கூசு. எனக்குப் பொண்டாட்டி புள்ள கிடையாது, அமையல. அவனுக்குப் பஞ்சவர்ணம்னு பொண்டாட்டி. பாவம் அந்தப் புள்ளதான் எங்க ரெண்டு பேருக்கும் வாய். அவன் என் முன்னாலயே நிப்பான். நான் அந்தப் புள்ளையைப் பாத்துச் சொல்லுவேன், "ஏம்மா, தண்ணி வந்துருச்சுன்னு சொல்லு." அது திரும்பி அவனைப் பாத்து, "தண்ணி வந்துருச்சாம்." அவன் சொல்லுவான், "தெரியும்னு சொல்லு." அது என்னையப் பாத்து, "தெரியுமாம் மாமா." இப்படி முப்பத்தொரு வருஷம்.

ஒரு தடவை அது ஊருக்குப் போயிருச்சு. காம்பவுண்டுல வேற யாரும் இல்ல. சிலிண்டர் போடுறவன் வந்தான். அவனை நடுவுல நிக்க வச்சு, "வீட்டு வரி ரசீது யார்கிட்ட இருக்குன்னு கேளுப்பா"ன்னேன். அவன் இந்தப் பக்கம் திரும்புறான், அந்தப் பக்கம் திரும்புறான், தோள்ல சிலிண்டரு. கடைசியில, "யோவ், ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல, பொறவு ஏன் என்னையக் கொல்றீங்க?"ன்னு கத்திட்டுப் போயிட்டான். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். தனித்தனியா. அவன் அவன் வீட்டுக்குள்ள, நான் என் வீட்டுக்குள்ள.

அப்படியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

போன ஐப்பசியில ஒரு சாயங்காலம் பஞ்சவர்ணம் இந்தக் கேட்டுல வந்து நிக்குது. தலையெல்லாம் கலைஞ்சு. "மாமா, அவரைக் காணோம். சட்டை கூடப் போடல."

அவனுக்குக் கொஞ்ச நாளா மறதி. புதுமண்டபத்துல தையல் மிசின் போட்டிருந்தவன் சார், ஆளைப் பாத்தே அளவு சொல்லுவான். அவனுக்குச் சட்டைக்குக் கை எந்தப் பக்கம்னு தெரியாமப் போச்சு. டாக்டர் பெரிய பேரா ஒண்ணு சொன்னாராம், இனிமே திரும்பாதாம். எனக்கென்ன? "போலீஸ்ல போய்ச் சொல்லும்மா"ன்னு சொன்னேன். சொல்லிட்டு விசிலை மாட்டிட்டுக் கிளம்பிட்டேன். அவனுக்காக இல்ல. அந்தப் புள்ள அழுதுச்சு, அதுக்காக. அதையும் கூடவே கூட்டிக்கிட்டேன். கண்டுபிடிச்சா அவன்கிட்டப் பேச ஒரு வாய் வேணும்ல?

விளக்குத்தூண்ல ஜிகர்தண்டாக் கடை. உங்க லிஸ்ட்டுல இருக்கிறதுதான். கடைக்காரர் பாலாடையை வழிச்சுக்கிட்டே சொல்றாரு, "யோவ் சோணை, ஒன் தம்பி இப்பத்தான் வந்துட்டுப் போறான். ஒன்னையத்தான் கேட்டான்."

"என்னையவா?"

"ஆமாய்யா. 'எங்க அண்ணன் இங்கிட்டு வந்தானா, ரிக்ஷா நின்னுச்சா'ங்கிறான். நீ ரிக்ஷாவை வித்து எந்தக் காலம்!"

எனக்கு ஒண்ணும் ஓடல. கீழ மாசி வீதி தேர்முட்டிகிட்டப் பருத்திப்பால் வண்டி. அந்தம்மா, "அந்த ஆளா? 'சவாரி வந்தவங்களை எங்க அண்ணன் இங்கதான் பருத்திப்பால் குடிக்கக் கூட்டியாருவான், வரலையா'ன்னு கேட்டுச்சு. வரலப்பான்னேன். அழுதுட்டுப் போகுது"ங்குது. நாயக்கர் மகால் வாசல்ல ஒலிஒளிக் காட்சிக்குக் கூட்டம் நிக்குது. அந்தக் கூட்டத்துல ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துட்டுப் போனானாம். கறிதோசைக் கடை மாஸ்டர் கரண்டியோட வெளிய வந்து சொன்னாரு, "சோணை, யாருய்யா செத்தது? ஒன் தம்பி வந்து, 'அப்பா முடிஞ்சிருச்சு, அண்ணன் வராம எடுக்கக்கூடாது, வந்தா உடனே அனுப்பிவிடுங்க'ன்னுட்டு ஓடுறான்."

அப்பத்தான் சார் எனக்கு உறைச்சது. அவன் அந்த ராத்திரிக்குள்ள போயிட்டான். முப்பத்தொரு வருஷம் அவனுக்கு வடிஞ்சுபோச்சு. அப்பா வீட்டுல கிடக்காரு. என்னையத் தேடிக்கிட்டிருக்கான்.

பத்துத்தூண் சந்துல பிடிச்சோம். நாயக்கர் கட்டின அரண்மனையில மிச்சம் நிக்கிற தூணுக. நீங்க படத்துல பாத்திருப்பீங்க. நேர்ல பாத்தா மூணு ஆளு கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இப்ப சுத்தி ஜவுளிக்கடை, தூணுல நைட்டியைத் தொங்கவிட்டிருப்பாங்க. அங்க ஒரு தூணைப் பாத்து நின்னுக்கிட்டு, வெறும் உடம்போட, "அண்ணே... சோணையண்ணே..."ன்னு கூப்பிடுறான்.

நான் பஞ்சவர்ணத்துகிட்டச் சொன்னேன், "ஏம்மா, வீட்டுக்கு வரச்சொல்லு அவனை."

அந்தப் புள்ள என்னையத் திரும்பிப் பாத்துச்சு. "நீங்களே சொல்லுங்க மாமா. என் வாய் தேஞ்சுபோச்சு."

நானே சொன்னேன் சார். முப்பத்தொரு வருஷம் கழிச்சு. பக்கத்துல போய், "டேய், நான்தான்டா"ன்னேன்.

அவன் என்னைய மேலயும் கீழயும் பாத்தான். "ஒதுங்குங்க பெரியவரே. எங்க அண்ணனுக்குத் தலைமுடி காக்காக்கூடு மாதிரி இருக்கும். நீங்க எங்கப்பா வயசு இருப்பீங்க. வீட்டுல ஒரு சாவு, விளையாடாதீங்க."

மறுநாள் என் பழைய ரிக்ஷா லைசென்ஸ்ல இருக்கிற போட்டோவைக் காட்டினேன். இவனைப் பாருடா, என்னையப் பாருடான்னு. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். "இவன்தான். இவனை எங்க வச்சிருக்கீங்க?" கடைக்காரங்க வந்து பிரிச்சுவிட்டாங்க. இன்னொரு நாள் விளக்குத்தூண்ல யாரோ தெரியாம, "என்ன சோணைமுத்து, சௌக்கியமா?"ன்னு கேட்டுட்டாங்க. அவன் "எங்க, எங்க?"ன்னு ரோட்டுல பாஞ்சுட்டான். ஆட்டோ ஒண்ணு உரசிட்டு நின்னுச்சு. அதுக்குத்தான் சொன்னேன், என் பேரைச் சொல்லக்கூடாதுன்னு.

வீட்டுல வச்சுப் பூட்டிப் பாத்தாச்சு. ஆறரை ஆனா கதவுல தலையை முட்டுறான். அதனால இப்பத் தினமும் கூடவே போறேன். தேடுறதுக்கு ஒத்தாசை பண்ற பெரியவர் நான். தெருவே இப்பப் பழகிருச்சு. ஜிகர்தண்டாக்காரர் கேக்காமலே, "ஒங்க அண்ணன் இப்பத்தான் மகால் பக்கம் போனான் பாரு"ம்பாரு. மகால் வாசல்ல பலூன்காரன், "கறிதோசை திங்கப் போனாப்ல"ம்பான். மாஸ்டர், "பத்துத்தூண்ல நிப்பான், போ"ம்பாரு. இப்படிக் கைமாத்தி கைமாத்திக் கொண்டுபோய் விடுறாங்க. அம்புட்டுப் பேரும் ஊர் சுத்திப் பாக்க வந்தவங்களைக் கவனிச்சுக்கிட்டே இதையும் செய்யிறாங்க.

போற வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவான். என்னையப் பத்தி என்கிட்டயே புறணி பேசுறான் சார்! "குடிகாரப்பய பெரியவரே எங்க அண்ணன். தினமும் அவனை ரிக்ஷாவுல போட்டு நான் மிதிச்சு வீடு சேக்குறதே பொழப்பாப் போச்சு"ங்கிறான். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். தினமும் எங்கடா, வாரத்துல நாலு நாளுடான்னு வாய் வரைக்கும் வரும். அடுத்த நிமிசம், "ஆனா அவன் சாரதி மாதிரி. அவன் மிதிச்சா வண்டியில தம்ளர் தண்ணி தளும்பாது"ம்பான். நான் என்ன சொல்றது? "அப்படியா தம்பி"ம்பேன். பெரியவரா இருக்கும்போது தம்பின்னு சொல்லலாம், அதுல தப்பில்ல.

கறிதோசைக் கடையில ஒரு பார்சல் கட்டச் சொல்லுவான். "அண்ணன் பசியோட திரிவான்." நான்தான் தூக்கிட்டு வருவேன். ராத்திரி அவனைத் தூங்கவச்சப்பறம் என் வீட்டுல வந்து பிரிச்சுத் தின்பேன். எனக்குன்னு வாங்கினதுதானே?

இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

சுத்து எங்க முடியும்னா பத்துத்தூண் சந்துல. அங்க வந்து அதே தூணைப் பாத்து நிப்பான். கடைசித் தூணு, ஓரமா நிக்கிறது. "அண்ணே"ன்னு ரெண்டு தடவை கூப்பிடுவான். ரெண்டே தடவைதான். கொஞ்ச நேரம் நிப்பான். அப்பறம் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பிருவான். மூணாவது தடவை கூப்பிடவே மாட்டான். எத்தனையோ நாளா நானும் பாக்குறேன், கூப்பிட மாட்டேங்கிறான்.

ஏன் அந்தத் தூணுன்னு கேக்குறீங்க. கேக்கலையா? மூஞ்சி கேக்குது.

சரி. நாளைக்கு அவன் போயிருவான், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. அன்னைக்கு ராத்திரி அந்த வெளியூர்க்காரங்களுக்கு எல்லாம் காட்டி முடிச்சு, அவங்களோட ரெண்டாவது ஆட்டம் சினிமா பாத்து, அவங்க வாங்கிக்குடுத்ததைக் குடிச்சுட்டு, அவங்களை லாட்ஜுல விட்டுட்டு, பத்துத்தூண் சந்துல ரிக்ஷாவைப் போட்டேன். தூங்கல. இருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அவன் நடை எனக்குத் தெரியும். முதல் நாள்தான், குடிச்சிருக்கேன்னு, சவாரி ஆளுக முன்னாலயே என்னையச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தான். இன்னைக்கும் இழுக்க வந்துட்டான்னு நெனைச்சேன். எந்திரிச்சுத் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்.

கேட்டுச்சு சார். "அண்ணே"ன்னான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். மறுபடி "அண்ணே"ன்னான். அவன் குரல் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அப்பா செத்த சேதின்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லணும்ல? இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன். செருப்புச் சத்தம் திரும்பிப் போச்சு. விடியக்காலம் அந்த ஆளுகளை ஏத்திட்டு நேரா திருப்பரங்குன்றம் போயிட்டேன்.

மூணு மணிக்கு வந்து "ஏன்டா காத்திருக்கல"ன்னு கேட்டப்ப அவன் சொன்ன பதில் இதுதான்: "பத்துத்தூண்ல ரிக்ஷா நின்னுச்சுண்ணே. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அம்புட்டுத்தான். அவன் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லல. அதைச் சொன்னப்ப அவன் பாத்த பார்வைக்கு அப்பறம் எப்படி சார் அவன்கூடப் பேசுறது? தப்பு அவன்மேலதான். மூணாவது தடவை கூப்பிட வேண்டியதுதானே?

நாளைக்கு விடியக்காலம் அவன் மகன் கார் எடுத்துட்டு வர்றான். ஓசூர்ல வேலை. அப்பாவையும் அம்மாவையும் அங்கயே வச்சுக்கப்போறான். நல்ல பையன், குறை சொல்லக்கூடாது. மூணாவது மாடியாம். நான் கேட்டேன், சாயங்காலம் ஆறரைக்கு அவனை யாருப்பா கூட்டிட்டுப் போவான்னு. "கதவைப் பூட்டிக்குவோம் பெரியப்பா"ன்னான். ஓசூர்ல பத்துத்தூண் இருக்கா சார்? அங்க இவன் யாரைப் போய்க் கேப்பான்? கேட்டா யாரு சொல்லுவா, "இப்பத்தான் போனான், மகால் பக்கம்"னு? தலையை முட்டிக்கிட்டே கிடப்பான். சாகிறவரைக்கும் தேடுவான். அவன் மண்டைக்குள்ள எங்கப்பா இன்னும் எடுக்காமக் கிடக்காரு.

இன்னைக்குத்தான் கடைசி.

அதனால நான் ஒண்ணு கேக்குறேன். மேனேஜர் சொல்லியிருப்பாருன்னு சொன்னேன்ல? நான்தான் அவரைச் சொல்லச் சொன்னேன். நேத்து நீங்க பையைத் தூக்கிட்டுப் படியேறினப்பவே பாத்துட்டேன். அந்த உயரம். அந்தத் தலைமுடி. வயசு முப்பத்தஞ்சு இருக்குமா? அதான். எனக்கு அப்ப அதே வயசு.

இது என் பழைய காக்கிச் சட்டை. துவைச்சுத்தான் வச்சிருக்கேன். ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன், ஜிகர்தண்டா குடிங்க, கறிதோசை தின்னுங்க, எல்லாம் சாவகாசமாப் பாருங்க. அவனுக்கு முன்னால பத்தடி தள்ளி நடங்க, மூஞ்சியைக் காட்டாம. மாஸ்டர் கடையைத் தாண்டினதும் இந்தச் சட்டையை மேல போட்டுக்கிட்டு, முன்னாடியே போய் அந்தக் கடைசித் தூணுக்குப் பின்னால நின்னுருங்க. அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு. அவன் கூப்பிட்டா வெளிய வாங்க. "வந்துட்டேன்டா, வா வீட்டுக்குப் போவோம்"னு சொல்லுங்க. போதும். வேற ஒண்ணும் பேச வேணாம்.

கொள்ளி வச்சது சரிதான்னு... வேணாம். அது வேணாம். அதை நான் எப்படிச் சொல்லமுடியும்?

என்ன சார், நெத்தியைச் சுருக்குறீங்க. ஏமாத்துறதுன்னு நெனைக்காதீங்க. எனக்கும் அவனுக்கும் நடுவுல எப்பவும் இன்னொருத்தர் வாய்தான் பேசியிருக்கு. அந்தச் சிலிண்டர்காரன் கூட ஒரு நிமிசம் நின்னான்.

சரி, அதையும் சொல்லிருங்க. "நீ கொள்ளி வச்சது சரிதான்டா"ன்னு. என் வாயில வராது. உங்க வாயில வரும். சொல்லிப் பாருங்க ஒரு தடவை. மெதுவா.

அந்தா. விளக்குப் போட்டுட்டாங்க. பச்சைச் சட்டை, பித்தான் மாத்திப் போட்டிருக்கான் பாருங்க, அவன்தான். பஞ்சவர்ணம் பின்னால வருது. எந்திரிங்க சார். இதுக்கு மேல நான் பெரியவரு. சோணைமுத்து நீங்க.

ஒண்ணே ஒண்ணு. தூணுக்குப் பின்னால நிக்கிறப்ப என்னமோ ஒரு மாதிரி இருக்கும், காலு நகராது. எனக்குத் தெரியும். அவன் ஒரு தடவை கூப்பிட்டதும் வந்துருங்க. ரெண்டாவது தடவை கூப்பிடுறவரைக்கும் நிக்காதீங்க.